பிழையைக் கண்டவரின் கடமை

தொழில்களுக்கும் பொழுதுபோக்குகளுக்கும் தனித்தனி இதழ்கள் உண்டு. வேளாண்மைக்கும் தையலுக்கும் சமையலுக்கும் சோதிடத்துக்கும் நம் நாட்டில் இதழ்கள் வெளிவருவது போலவே, துப்பாக்கிக்கென்றே வெளிவரும் இதழ்களும் உலகில் இருக்கின்றன. அமெரிக்காவில் 1871-இல் தோன்றிய தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஏடான 'அமெரிக்கன் ரைஃபிள்மேன்' 1923 முதல் அப்பெயரில் வெளிவருகிறது. 'கன்ஸ் அண்ட் அம்மோ' என்னும் இதழ் 1958-இல் தொடங்கப்பெற்றது. புதிய துப்பாக்கிகளைப் பற்றிய மதிப்புரைகள், தோட்டாக்களின் அளவுகள், வேட்டை அனுபவங்கள், படைக்கலங்களின் வரலாறு ஆகியவை இவ்விதழ்களின் பக்கங்களை நிரப்புகின்றன.

இத்தகைய இதழொன்றில் ஓர் ஆண்டோ, ஓர் அளவோ, ஒரு பெயரோ தவறாக அச்சேறிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுகொண்ட வாசகர் ஆசிரியருக்கு எழுதித் திருத்த வேண்டுமா? இக்கேள்விக்கு நம் உள்ளத்தில் இரண்டு குரல்கள் விடை சொல்கின்றன. 'கொலைக் கருவியைப் பற்றிய ஏடு பிழையோடு வந்தால் என்ன, பிழையின்றி வந்தால் என்ன? அதைச் செம்மைப்படுத்துவதா அமைதியை விரும்பும் மனிதரின் வேலை?' என்கிறது ஒரு குரல். 'பொய்மை எந்தப் பக்கத்தில் அச்சானாலும் பொய்மைதான். கண்டும் காணாதிருப்பது அதற்கு இடங்கொடுப்பதாகாதா?' என்கிறது மற்றொரு குரல்.

உப்பளங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே, அதிராம்பட்டினத்தின் சுற்றுவட்டாரத்தில் வாழும் நமக்கு இது தொலைதூரத்துக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் துப்பாக்கி நமக்கு முற்றிலும் அயலானதன்று. காவிரிப் பாசனப் பகுதியின் பழைய பண்ணை வீடுகளில் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இருந்தன. தேர்தல் வந்தால் அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது இன்றும் வழக்கம். முத்துப்பேட்டை முதல் நம் ஊர்க் கரை வரை நீளும் அலையாத்திக் காட்டில் வலசை வரும் பறவைகள் துப்பாக்கி ஒலிக்கு அஞ்சிப் பறந்த காலங்கள் உண்டு. பாக் நீரிணையில் வலை வீசச் சென்ற மீனவர்மேல் துப்பாக்கிச் சூடு என்ற செய்தியை எத்தனையோ காலைகளில் நாம் படித்திருக்கிறோம். தமிழில் துப்பாக்கிக்கெனத் தனி இதழ் இல்லாமற்போனாலும், துப்பாக்கி இடம்பெறாத செய்தித்தாளோ வார இதழோ இல்லை. ஆகவே கேள்வி நம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடுகிறது.

சொல் ஒன்று மாறினால்

நம் ஏடுகள் ரிவால்வர் என்றும் பிஸ்டல் என்றும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. இரண்டும் கைத்துப்பாக்கிதானே, இதில் என்ன வேறுபாடு என்று நாம் நினைக்கலாம். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். சுட்ட பின்னும் வெற்றுக் கூடு அதனுள்ளேயே தங்கிவிடும். இன்று பெரிதும் வழங்கும் பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் வெற்றுக் கூடு வெளியே எறியப்படும். எனவே கொலை நடந்த இடத்தில் வெற்றுக் கூடு கிடந்ததா இல்லையா என்பது பெரிய சான்று. ஏட்டில் பிஸ்டல் என்றிருக்க வேண்டிய இடத்தில் ரிவால்வர் என்று வந்தால், அங்கே வெற்றுக் கூடு எப்படி வந்தது என்று ஒருவர் ஐயுறத் தொடங்குவார். அந்த ஐயம் நாளடைவில் வதந்தியாக மாறும்.

இது வெறும் கற்பனையன்று. 1948 ஜனவரி 30 அன்று அண்ணல் காந்தியடிகளைக் கொன்ற ஆயுதம் இத்தாலியில் செய்யப்பட்ட பெரெட்டா பிஸ்டல். அவர்மீது பாய்ந்தவை மூன்று குண்டுகள் என்பதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உண்மை. ஆனால் நான்காவது குண்டு ஒன்று இருந்தது, அதைச் சுட்டவர் வேறொருவர் என்னும் வாதத்தோடு 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு வந்தது. நான்கு காயங்கள் என்று அந்நாளையச் செய்தி ஏடுகளில் வந்திருந்த குறிப்புகளும் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. நீதிமன்றம் மூத்த வழக்கறிஞர் அமரேந்திர சரணைத் துணைக்கு அமர்த்தி ஆவணங்களை ஆராயச் செய்தது. நான்காவது குண்டுக்கு ஆதாரம் இல்லை என்று அவர் அறிக்கை தந்தார். 2018 மார்ச் 28-இல் மனு தள்ளுபடி செய்யப்பட்டது. பரபரப்பான ஓர் இரவில் அவசரமாக எழுதப்பட்ட ஓர் எண், எழுபது ஆண்டுகள் கழித்து நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் நேரத்தைக் கோரியிருக்கிறது. பிழை தானாகச் சாவதில்லை. பழைய தாளில் உறங்கிக் கிடந்து, தன்னை எழுப்புவோருக்காகக் காத்திருக்கிறது.

அருகில் நிற்பவரின் பொறுப்பு

அப்படியானால் எல்லாப் பிழைகளையும் எல்லாரும் திருத்த வேண்டுமா? அது இயலாத காரியம். ஆனால் உண்மைக்கு மிக அருகில் நிற்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். கடமை அவருடையது.

நம் கடற்கரைச் சாலையில் தென்மேற்காகச் சென்றால் மல்லிப்பட்டினத்துக்கு அருகே மனோரா நிற்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, ஆங்கிலேயப் படைகளின் வெற்றியையும் நெப்போலியனின் வீழ்ச்சியையும் நினைவுகூர எழுப்பிய உயர்ந்த மாளிகைக் கோபுரம் அது. வாட்டர்லூ வெற்றியின் நினைவாக அது கட்டப்பட்டது என்று பல கட்டுரைகள் எழுதுகின்றன. வாட்டர்லூப் போர் நடந்ததோ 1815 ஜூன் 18-இல். மனோராவின் கல்வெட்டு காட்டும் ஆண்டு 1814. நெப்போலியன் முதன்முறை முடிதுறந்தது அவ்வாண்டின் ஏப்ரலில். அயல்நாட்டுப் படைக்கல இதழ் ஒன்று வாட்டர்லூவைப் பற்றி எழுதும்போது இந்தக் கோபுரத்தையும் சேர்த்துக்கொண்டால், அதை யார் திருத்துவார்? லண்டனில் இருப்பவருக்கு இந்தக் கல் தெரியாது. மல்லிப்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் இருப்பவருக்குத்தான் தெரியும்.

மனோராவின் ஆண்டு மாறுவதால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் எண் ஒன்று மாறினால் நீதியே இடம் மாறும் நேரமும் உண்டு. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் 'செயின்ட் ஆண்டனி' என்னும் மீன்பிடி படகின்மேல் 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து சுட்டார்கள். மீனவர் இருவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். நிகழ்விடம் கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல்மைல் தொலைவு. ஒரு நாட்டின் ஆட்சிக் கடல் எல்லையோ 12 கடல்மைல். அந்த எல்லைக்கு அப்பால் நடந்ததால் கேரள மாநிலத்துக்கு வழக்கை நடத்தும் அதிகாரம் இல்லை என்று 2013 ஜனவரி 18-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு நாடுகளுக்கு இடையிலான தீர்ப்பாயம் வரை சென்றது. பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டுக்குப் பின் 2021 ஜூனில் இந்தியாவில் முடித்துவைக்கப்பட்டது.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். 20.5 கடல்மைல் என்றால் ஏறத்தாழ 38 கிலோமீட்டர். ஓர் இதழ் கடல்மைலை மறந்து 20.5 கிலோமீட்டர் என்று அச்சிட்டால், அது 11 கடல்மைலுக்குச் சற்றே மேற்பட்ட தொலைவாகிவிடும். அதாவது நிகழ்ச்சி நம் ஆட்சிக் கடலுக்குள்ளேயே நடந்ததாக ஆகிவிடும்! அதைப் படிப்பவர், நீதிமன்றம் ஏன் அப்படித் தீர்ப்பளித்தது என்று புரியாமல் நீதிபதிகளையே ஐயுறுவார். சென்னையில் மேசையருகே அமர்ந்து பிழை பார்ப்பவரின் கண்ணுக்கு இது தப்பிவிடலாம். நாள்தோறும் கடல்மைல் கணக்கில் எரிபொருள் நிரப்பும் நம் கரை மீனவரின் கண்ணுக்குத் தப்பாது. பள்ளிப் படிப்பு குறைந்தவர் என்று நாம் கருதும் அவரே இங்கே அறிஞர். அவர் சொல்ல, படித்த பிள்ளை ஒருவர் ஓர் அஞ்சலட்டையில் எழுதினால் போதும். அந்த அட்டை இறந்த இருவருக்கும் செய்யும் மரியாதை.

தீமைக்குத் துணை போவதாகுமா?

முதற்குரல் எழுப்பிய தடைக்கு இப்போது வருவோம். துப்பாக்கி இதழைத் திருத்துவது துப்பாக்கிக்குத் துணை போவதாகாதா? இத்தடையை எளிதாகத் தள்ளிவிடலாகாது. கருவிகள் பெருகினால் கொலைகள் பெருகும் என்ற அச்சம் நியாயமானது.

திருச்சபையின் அறநெறி அறிஞர்கள் ஒரு வேறுபாட்டைக் கற்பித்துள்ளார்கள். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித அல்போன்ஸ் லிகோரி இதைத் தெளிவுபடுத்தினார். தீயவரின் நோக்கத்தைத் தம் நோக்கமாகவே ஏற்று உதவுவது ஒன்று. அந்நோக்கத்தில் பங்கேற்காதிருந்தும் தம் செயல் அவருக்கு எவ்வகையிலோ பயன்பட்டுவிடுவது மற்றொன்று. முன்னது எந்நாளும் ஆகாது. பின்னதை, விளையும் நன்மையையும் தீமையையும் எடைபோட்டே முடிவுசெய்ய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. நம் பகுதியில் பெரிதும் வழங்கியது 12 போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குப் பொருந்துமோ அதுவே 12 போர். ஆகவே எண் கூடினால் குழலின் விட்டம் குறையும். 20 போர் என்பது 12 போரைவிடச் சிறியது. விவரம் அறியாத எழுத்தாளர் இதைத் தலைகீழாக எழுதிவிடுவது மிக எளிது. 20 போர் தோட்டாவை 12 போர் துப்பாக்கியில் தவறுதலாக இட்டால், அது முன்னோக்கி நழுவிக் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். தோட்டா இடவில்லை என்று எண்ணி, பின்னால் 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துச் சுட்டவரின் கையையும் கண்ணையும் பறிக்கும். இந்த ஆபத்தைத் தடுக்கவே 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. இதைப் பற்றிய பிழையைத் திருத்துகிறவர் கொலைக்கு உதவுகிறாரா? இல்லை, முகந்தெரியாத ஒருவரின் கண்ணைக் காக்கிறார்.

சட்டத்தைப் பற்றிய பிழையும் இத்தகையதே. உரிமம் பெற்றவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்று 1983-இல் வந்த வரம்பு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் பொதுவாக இரண்டாகக் குறைக்கப்பட்டது. பழைய எண்ணையே நம்பியிருப்பவர் அறியாமலே குற்றவாளியாவார். இங்கே திருத்தம் ஆயுதத்தைக் குறைக்கவே உதவுகிறது.

ஆனால் மற்றொரு வகைப் பிழையும் உண்டு. நாட்டுத் துப்பாக்கி செய்யும் முறையை ஒருவர் எழுதி, அதில் ஒரு படியைத் தவறவிட்டால், அதை நிறைவுசெய்து கொடுக்க நமக்குக் கடமை எதுவும் இல்லை. உண்மையை அறியும் உரிமை எல்லாருக்கும் எந்நிலையிலும் உண்டென்று திருச்சபை போதிக்கவில்லை. பிறர் நலனுக்காகச் சில வேளை மௌனமே தகும் என்றுதான் அதன் மறைக்கல்வி சொல்கிறது. மௌனம் வேறு, பொய் வேறு. ஆகவே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 'இது யாருடைய இதழ்?' என்பதன்று. 'இந்தப் பிழை நின்றால் யாருக்குத் தீங்கு? திருத்தினால் யாருக்குத் தீங்கு?' என்பதே.

கடைமடைப் பகுதியில் வாழும் நமக்கு இது புதிய பாடமன்று. வாய்க்கால் கரையில் உடைப்பெடுத்தால், அதை ஒட்டிய நிலம் நண்பருடையதா பகைவருடையதா என்று யாரும் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. கண்டவர் கூவுகிறார், கேட்டவர் மண்வெட்டியோடு ஓடுகிறார். அந்தத் தண்ணீரை நம்பி, கண்ணுக்கெட்டாத தொலைவில் இன்னொருவரின் நாற்று நிற்கிறது.

திருத்தமும் தண்டனையும்

திருத்தும் ஆர்வத்துக்கும் ஒரு நோய் உண்டு. 2013 டிசம்பர் மாத 'கன்ஸ் அண்ட் அம்மோ' இதழில் டிக் மெட்காஃப் என்னும் மூத்த எழுத்தாளர் ஒரு பத்தி எழுதினார். எல்லா உரிமைகளுக்கும் ஒழுங்குமுறை உண்டு, துப்பாக்கி உரிமையும் அதற்கு விலக்கன்று என்பது அவர் வாதம். வாசகர்கள் கொதித்தெழுந்தனர். சந்தாவை நிறுத்துவோம் என்றனர், விளம்பரதாரர்களும் வருந்தினர். அவருடைய பத்தி நிறுத்தப்பட்டது. இதழாசிரியர் மன்னிப்புக் கோரியதோடு, திட்டமிட்டிருந்த நாளுக்கு முன்னரே பதவியிலிருந்து விலகினார். அரசியலமைப்பின் சொற்களுக்கு மெட்காஃப் கண்ட பொருளை மறுத்து எழுத வாசகர்களுக்கு முழு உரிமை இருந்தது. ஆனால் மறுப்போடு அவர்கள் நிற்கவில்லை. பேசியவரின் இடத்தையே பறித்தார்கள்.

ஆண்டு, அளவு, பெயர் போன்றவற்றில் தவறு நேர்ந்தால் அது பிழை. நமக்குப் பிடிக்காத முடிவுக்கு ஒருவர் வந்தால் அது கருத்து. பிழைக்குத் திருத்தம் வேண்டும். கருத்துக்கு வாதம் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போது வாசகர் கடிதமே ஒரு துப்பாக்கியாகிவிடுகிறது. இந்நோய் அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் பங்கு மலரில் வந்த ஒரு கட்டுரையைப் பற்றி நாம் பேசிக்கொள்ளும் விதத்தை எண்ணிப் பார்த்தாலே போதும்.

திருத்தும் முறை

தவறு செய்த சகோதரரிடம் முதலில் தனியே சென்று பேசும்படி மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பிக்கிறார். அதன் பின்னரே சாட்சிகளும் சபையும். சகோதரத் திருத்தத்தை அன்பின் செயலாகவே புனித தோமா அக்குவினார் வகைப்படுத்தினார். இடமும் காலமும் அறிந்து செய்ய வேண்டும் என்றும் எழுதினார். இவை ஒழுக்கக் குறையைப் பற்றிச் சொல்லப்பட்டவை. அச்சுப் பிழை பாவமன்று. ஆயினும் முறை ஒன்றுதான்.

உலகியல் அமைப்புகளும் இம்முறைக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. இந்தியப் பத்திரிகை மன்றத்திடம் முறையிட விரும்புபவர் முதலில் அந்த ஏட்டின் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. பிழை உறுதியானால் உடனே, தக்க இடத்தில் திருத்தம் வெளியிட வேண்டும் என்பது ஏடுகளுக்கு அம்மன்றம் வகுத்த நெறி. 'தி இந்து' நாளேடு 2006-இல் வாசகர்களின் முறையீட்டைக் கேட்பதற்கென்றே தனி ஆசிரியர் ஒருவரை அமர்த்தியது. நாம் எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள் என்ற சோர்வுக்கு இவை ஓரளவு மறுமொழி.

ஆகவே எழுதுமுன் நம் அறிவை நாமே சோதிப்போம். கேள்விப்பட்டதை அன்று, உறுதியாய்த் தெரிந்ததை மட்டும் எழுதுவோம். எந்தப் பக்கம், எந்த வரி, சரியானது எது, அதற்குச் சான்று எது என்ற நான்கையும் சுருக்கமாகச் சொல்வோம். எழுதியவரின் அறிவையோ உள்நோக்கத்தையோ எடைபோடாதிருப்போம். ஆசிரியரே சரி என்று தெரியவந்தால் அதை ஏற்றுக்கொள்ளும் மனத்தோடு எழுதுவோம். நம் பெயர் அச்சில் வராமற்போனாலும் திருத்தம் வந்தால் போதும் என்று நிறைவு கொள்வோம்.

படைக்கலங்கள் உழுகருவிகளாகும் நாளை இறைவாக்கினர் எசாயா கனவு கண்டார். அந்நாளை விரும்புகிறவர்களே படைக்கலத்தைப் பற்றிய உண்மையில் மிகவும் கவனமாக இருக்க வேண்டியவர்கள். எத்தனை குண்டுகள், எவ்வளவு தொலைவு, எந்தத் திசையிலிருந்து என்பவற்றைப் பொருட்படுத்தாத சமுதாயம், சுட்டவரிடம் கணக்குக் கேட்கும் திறனையும் இழந்துவிடும். மாண்டவர்கள் தங்களுக்காக ஆசிரியருக்குக் கடிதம் எழுத இயலாது. உண்மைக்கு அருகில் நிற்கும் நாம்தான் எழுத வேண்டும்.